தாண்டிக்குடி மலையில் ஒரு குடும்பத்தின் காப்பித் தோட்டம்: தங்கிப் பார்த்த அனுபவம்

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதை, கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அறியாத பாதை. கீழ்ப்பழனி மலை என்று வழங்கும் அந்தப் பகுதியில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தார் பார்த்துவரும் காப்பித் தோட்டம் ஒன்றில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லி வருவோரே போதும் என்பது அவர்கள் விருப்பமாகையால் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. ஆயினும் இதே மலையில் இப்படிப்பட்ட வேறொரு தோட்டத்தைத் தேடுவோருக்கும் நான் கண்டவை பயன்படும் என்று நம்புகிறேன்.

அறைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்பு காப்பி மூட்டை அடுக்கிய ஓட்டுக் கட்டடத்தைச் சீர்செய்து கட்டில், கம்பளி, நல்ல விளக்கு வைத்திருக்கிறார்கள், துப்புரவில் குறை சொல்ல முடியாது, தொலைக்காட்சி கிடையாது. இங்கே வருவதற்கான காரணம் அறைக்கு வெளியே இருக்கிறது.

காலையில் வீட்டுப் பெரியவர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார். உயரத்தில் பலாவும் அத்தியும் சில்வர் ஓக்கும், அவற்றின் தண்டுகளைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகள், அடியில் அராபிகா வகைக் காப்பிச் செடிகள், இடையிடையே மலைவாழை, எலுமிச்சை, பட்டர் ப்ரூட் என்று தோட்டம் அடுக்கடுக்காக நிற்கிறது. அராபிகா முழு வெயிலைத் தாங்காது என்பதோடு, வெயில் படும் செடியின் தண்டில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு விரும்பி முட்டையிடும் என்பதால், நிழல் மரத்தைக் காப்பதே இவர்களுக்கு முதல் மருந்து. மார்ச், ஏப்ரலில் பெய்து செடியைப் பூக்கவைக்கும் 'பூ மழை'க்குப் பின் தோட்டம் முழுவதும் வெண்ணிறமாகப் பூத்து மல்லிகையை ஒத்த மணம் பரப்பும் என்றும், அந்தப் பூ பழமாகிச் சிவக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும் என்றும் அவர் விளக்கினார். சிவந்த பழத்தை மட்டும் கையால் பறிப்பதால் ஒரே செடிக்குப் பலமுறை திரும்ப வரவேண்டும்; பறித்த அன்றே தோலை நீக்கி, தொட்டியில் ஊறவிட்டுப் பசையைக் கழுவி, களத்தில் பரப்பி நாள்தோறும் கிளறிக் காயவைக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகு ஒரு கிலோ காப்பிக்கொட்டை கையில் சேர ஏறத்தாழ ஐந்து ஆறு கிலோ பழம் தேவைப்படுகிறது. காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருப்பதால், நோயைப் பற்றியோ புதிய ரகத்தைப் பற்றியோ ஐயம் வந்தால் நேரில் போய்க் கேட்டுவரும் பழக்கம் இவருக்கு இருக்கிறது.

வாழையின் கதையை அவர் சொல்லக் கேட்பதற்காகவே மீண்டும் போகலாம். சமவெளியைப் போல அடிக்கடி புதிதாக நடாமல், விருப்பாச்சி மலைவாழையைக் காப்பியின் நிழலுக்கும் சேர்த்துப் அதன் கட்டையிலிருந்து கிளம்பும் கன்றுகளையே விட்டுப் பல ஆண்டுகள் வளர்த்தவர்கள் இந்த மலைக்காரர்கள். பழத்தில் நீர்ச்சத்து குறைவு. இந்தப் பழத்தில் செய்யும் பழனிப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் வந்து இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாகி, குலையே தள்ளாமல் தோட்டம் தோட்டமாக அழிந்தபோது, நோய்கண்ட மரத்தை வேரோடு எடுத்து அழிப்பதைத் தவிர வழியிருக்கவில்லை. பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதைப் பெருமையாகச் சொன்னவர், நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்து வளர்த்த ஒரு பாத்தியைக் காட்டியபோது குரல் தழுதழுத்தது.

உணவு வீட்டுச் சமையல்தான். வீட்டாருடனேயே அமர்ந்து உண்ண வேண்டும். சௌசௌ கூட்டு, மொச்சைக் குழம்பு, தோட்டத்து மிளகை அன்றே இடித்துப் போட்ட நாட்டுக்கோழி வறுவல் ஆகியவை மிகச் சிறப்பாக இருந்தன. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி, மலைக்குளிருக்குப் பசிக்கும்" என்று அந்த அம்மா பரிமாறுவதில் உபசாரம் மட்டுமன்று, உண்மையான அக்கறையும் இருந்தது. சிக்கரி கலவாத காப்பி முதல் வாயில் மெலிதாகத் தோன்றலாம். சர்க்கரையைக் குறைத்துக் குடித்தால் அதன் பழச்சுவை தெரியும்.

குறைகளும் உண்டு. ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்குச் செங்குத்தான கற்படிகள் இருப்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துவருவோருக்கு இது சிறிய செய்தியன்று. விறகில் காய்ச்சும் வெந்நீர் காலையில் மட்டுமே கிடைக்கிறது. கைபேசித் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. காட்டுமாடுகள் நடமாடுவதால் இருட்டிய பின் முற்றத்தைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அந்தக் கண்டிப்பை நான் வரவேற்கிறேன்.

மூன்று வேளை உணவோடு ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,200 ரூபாய் வாங்குகிறார்கள். காப்பி ஆண்டுக்கு ஒருமுறை பணம் தரும் பயிர். இடைப்பட்ட மாதங்களில் ஆட்கூலி கொடுக்க இந்த வாடகை உதவுவதால், மரத்தை வெட்டி விற்கவோ நிலத்தை விடுதிக்காரர்களுக்குக் கொடுக்கவோ நேராமல் குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. அந்த வகையில் இந்தத் தொகை நியாயமானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

பறிப்பைப் பார்க்க விரும்புவோர் டிசம்பர், ஜனவரியில் போகலாம். ஆனால் அப்போது வீட்டார் களத்தில் இருப்பார்கள், உடன் வந்து விளக்க நேரமிருக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவு நேர்வதுண்டு, அட்டைத் தொல்லையும் மிகுதி. அங்கிருந்து கொடைக்கானல் நகருக்கும் போக எண்ணுவோர், வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸை (இணையவழி நுழைவு அனுமதியை)க் கைபேசித் தொடர்பு நன்றாகக் கிடைக்கும் வத்தலக்குண்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.