புதுச்சேரியில் ஒரு காலை நடை: வாய்க்காலுக்குக் கிழக்கா, மேற்கா?

புதுச்சேரிக்கு வரும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு காலைதான் இருக்கு, எந்தப் பக்கம் நடக்கலாம்?" ஊரை நெடுக்காகப் பிரிக்கிறது பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. வாய்க்காலின் வாடைக்கு மட்டும் கிழக்கு, மேற்கு என்ற பேதம் கிடையாது.

முதலில் கிழக்கு. இங்கே பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் சுவர்தான். காவி மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயரமான மதில், அதன்மேல் வழியும் காகிதப்பூ, நடுவில் சாத்திய பெரிய கதவு. வீடும் தோட்டமும் கதவுக்கு அந்தப் பக்கம். நான் நின்று பார்ப்பது நீல நிறத் தெருப்பலகைகளை. மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். வெளியூர்க்காரர்கள் 'டூமாஸ்' என்று படிக்கும் வீதி நம் ஊர் வாயில் 'துய்மா'. பிரெஞ்சு உச்சரிப்புக்கு இதுதான் பக்கம்! துய்மா வீதியில் இருக்கும் சம்மனசுகளின் அன்னை ஆலயத்தைக் கேட்டாலும் பலருக்குப் புரியாது. கப்புச்சின் பாதிரிமார்கள் விட்டுப்போன பெயரில் 'கப்ஸ் கோயில்' என்று கேளுங்கள், ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். அப்புறம் நான் நின்று பார்ப்பது, பிரெஞ்சு பாணிச் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்களை.

குறை என்னவென்றால், சனி, ஞாயிறுகளில் மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னாலும் கல்யாண ஜோடி படம் எடுத்துக்கொண்டிருக்கும். நடப்பவர் பாதி நேரம் யாருடைய கேமராவுக்கோ ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். காபி விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

மேற்கே வந்தால் வீடு தெருவோடு பேசும். முதலில் மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு, அது வழிப்போக்கருக்கு. அதற்குள் ஒரு படி உயர்ந்து திண்ணை, அது வந்தவருக்கு. பிறகுதான் நிலைக்கதவு, முற்றம். சில வீடுகளில் இப்போது சாய்ப்புக்குக் கம்பிக் கதவு போட்டு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் மேற்கின் உண்மையான வேடிக்கை அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். வைசியாள் வீதியில் ஒரு மாடி வீட்டின் எதிரே நில்லுங்கள். கீழே திண்ணையும் மரத்தூணும். மேலே வளைவு ஜன்னல், சுவரில் பதித்த அரைத்தூண், கைப்பிடிச் சுவர் எல்லாம் பிரெஞ்சு. ஒரே வீடு, இடுப்பில் வேட்டி, மேலே கோட்டு. இந்தத் தெருவைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

இந்தக் கலப்புக்கு மூத்த சாட்சி, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர்; 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர். கீழ்த்தளத்து முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், மாடியில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளியதால், கிழக்கே நாம் பழையது என்று வியப்பவை பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்தவை. பிள்ளையின் வீடோ அதற்கு முந்தியது. பழைமையைத் தேடி வருகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கட்டடங்களின் ஆயுளைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஒன்றுதான். கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற பழைய 'மேரி' கட்டடமே (பிரெஞ்சில் நகராட்சி மன்றம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது இருப்பது அதே சாயலில் திரும்பக் கட்டியது. மேற்கே பழைய வீடுகள் சத்தமில்லாமல் போகின்றன. போன தடவை பார்த்த திண்ணை இருந்த இடத்தில் இந்தத் தடவை ஷட்டர் இருக்கும்.

என் ஓட்டு மேற்குக்கு. ஒரு நிபந்தனையோடு: காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். வாசலில் கோலம் காயாமல் இருக்கும். பத்து மணிக்குக் கடைகள் திறந்து, வண்டிகள் வரிசை கட்டிவிட்டால் கீழ்த்தளமே கண்ணில் படாது. கிழக்கை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை.