3,500 ரூபாய்க்கு ஓர் இலக்கு: கோவைப் பயிலரங்கு ஒன்றின் மதிப்புரை

கோவை அவிநாசி சாலையில் உள்ள ஒரு விடுதியின் முதல் மாடிக் கூடத்தில், சென்ற ஆகஸ்ட் மாதம் ஒரு சனியும் ஞாயிறும் நடந்த இலக்கு நிர்ணயப் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். கட்டணம் 3,500 ரூபாய். இரண்டு நாள் மதிய உணவும் நான்கு வேளைத் தேநீரும் அதில் அடக்கம். நடத்தியவர்களின் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல இந்தத் தொழிலில் உள்ள பலருக்கும் பொதுவானவை. இந்த மதிப்புரையை எட்டு மாதம் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட நிகழ்ச்சியைப் பற்றி மறுநாளே எழுதினால், கூடத்தில் கேட்ட கைதட்டல்தான் எழுத்திலும் கேட்கும். வாங்கிய பொருள் உழைத்ததா என்பது பிறகுதான் தெரியும்.

நான் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார்ப்பிலிருந்து வரும் பம்பின் வெளியுறைகளை அளந்து, தேறியவற்றையும் தேறாதவற்றையும் பிரித்துப் பதிவு செய்வது என் பணி. 14 ஆண்டுகளாக அதே மேசை. அந்தச் சலிப்புதான் என்னைப் பணம் கட்ட வைத்தது.

முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை என்றாலும், அங்கே சொல்லப்பட்ட ஒரு கதையைக் குறிப்பிடாமல் கடக்க முடியவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பட்டம் பெற்ற மாணவர்களில் 3 விழுக்காட்டினர் மட்டும் தங்கள் இலக்குகளை எழுதி வைத்திருந்தார்கள் என்றும், 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த 3 விழுக்காட்டினரின் சொத்து மீதி 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தைவிட மிகுதியாக இருந்தது என்றும் பயிற்றுநர் உருக்கமாகச் சொன்னார். கூடமே கைதட்டியது. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குச் சான்றே இல்லை. 'ஃபாஸ்ட் கம்பெனி' என்ற அமெரிக்க இதழ் 1996-லேயே இதைத் துருவிப் பார்த்து, கதைக்கு மூலம் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டது. அளவுகோலும் கையுமாக வாழ்கிற எனக்கு, இல்லாத அளவை இருப்பதாகச் சொல்வது உறுத்தியது. உண்மையான ஆய்வுகளுக்கா பஞ்சம்? உளவியலாளர் எட்வின் லாக் 1968-இல் தொடங்கி, பிறகு கேரி லேதமுடன் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆராய்ந்து நிறுவிய முடிவு ஒன்று இருக்கிறது. 'உன்னால் முடிந்ததைச் செய்' என்று பொதுவாகச் சொல்லப்பட்டவர்களைவிட, துல்லியமான, சற்றுக் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடித்தார்கள் என்பதே அது. அதைச் சொல்லியிருக்கலாம்.

நல்ல இலக்குக்கு வேண்டிய ஐந்து பண்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த ஸ்மார்ட் (SMART) என்ற ஐந்தெழுத்துச் சூத்திரமும் முதல் நாளிலேயே வந்தது. அதை 1981-இல் ஒரு நிர்வாக இதழில் எழுதியவர் ஜார்ஜ் டோரன்; மின்சார நிறுவனம் ஒன்றில் திட்டமிடல் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர். அவர் எழுதியதில் நடுவிலுள்ள 'ஏ' என்ற எழுத்துக்கு, இந்த வேலை யார் பொறுப்பு என்பதைக் குறிப்பிடுதல் என்று பொருள். நாளடைவில் அது 'அடையக்கூடியது' என்று மாறிவிட்டது; பயிலரங்கிலும் அப்படித்தான் சொன்னார்கள். எங்கள் பிரிவில் கிடப்பில் கிடக்கும் வேலைகளில் பாதி, அடைய முடியாதவை என்பதால் கிடக்கவில்லை. யாருடைய பெயரிலும் எழுதப்படாததால்தான் கிடக்கின்றன. சூத்திரத்திலிருந்து தொலைந்துபோன அந்தப் பழைய பொருள்தான் எனக்கு அதிகம் பயன்படும் என்று தோன்றியது.

மாலையில் விளக்கை அணைத்து, மெல்லிய இசையை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகான நம் வாழ்க்கையைக் காணச் சொன்னார்கள். பலர் அழுதார்கள். இனிமையான அனுபவம்தான், பயன் உண்டா என்பதில் எனக்கு ஐயம். உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன், பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்களை ஆராய்ந்தபோது, நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிய கற்பனையில் அடிக்கடி மூழ்கியவர்களுக்குப் பின்னர் கிடைத்த வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு என்று கண்டார். வேலை கிடைக்கும் என்று நம்பியவர்கள் நன்றாகவே தேறினார்கள். நம்பிக்கை வேறு, கற்பனை வேறு. விரும்பியதை நினைத்த கையோடு குறுக்கே நிற்கும் தடையையும் நினைத்துப் பார்க்கச் சொல்வது அவர் முறை. இங்கே முதல் பாதியோடு விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

இனி ஞாயிறு முற்பகல். கட்டிய பணம் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இதை நடத்தியவர் வேறொரு பயிற்றுநர். மேடையில் ஏறாமல் மேசை மேசையாக வந்தார். ஆளுக்கு மூன்று இலக்குகளை எழுதச் சொல்லி, 'கூடாது', 'இல்லாமல்', 'விட்டுவிட வேண்டும்' ஆகிய சொற்களைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னார். என் தாளில் மூன்றுக்கு மூன்றும் வட்டம். என் பக்கத்தில் பொள்ளாச்சியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார் இருந்தார். அவர் 'கடன் இருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தார். பயிற்றுநர் அவரிடம் குனிந்து, "வியாழக்கிழமை மத்தியானம் நான் உங்க கடைக்கு வந்தா, கடன் குறையுதுன்னு எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுங்க அக்கா?" என்று கேட்டார். அவர் சிறிது நேரம் யோசித்து, "நோட்டுல பார்க்கலாமுங்க" என்றார். எந்த நோட்டு, அதில் என்ன எழுதியிருக்கும் என்று கேட்டுக் கேட்டு, கால் மணி நேரத்தில் அந்த வரி 'ஒவ்வொரு சனிக்கிழமையும் கடை சாத்துமுன் 1,500 ரூபாயை எடுத்துத் தனி உறையில் வைத்து, நோட்டில் எழுதுவேன்' என்று மாறிவிட்டது. கடன் என்ற சொல்லே அதில் இல்லை.

நேர்மறை இலக்கு என்றால் உற்சாகமான சொற்களால் எழுதப்பட்டது என்று அதுவரை எண்ணியிருந்தேன். விலகிப்போக வேண்டியதைச் சொல்லாமல், போய்ச் சேர வேண்டியதைச் சொல்வது என்றுதான் அதற்குப் பொருள். 'கூடாது' என்று எழுதிய இலக்கு நிறைவேறியதா என்று எந்த நாளிலும் சொல்ல முடியாது. அது தவறிய நாள் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆண்ட்ரூ எலியட் என்ற உளவியலாளரும் 1997-இல் கென்னன் ஷெல்டனுடன் வெளியிட்ட ஆய்வில், தவிர்த்தல் இலக்குகளை மிகுதியாக வைத்திருந்தவர்களின் மனநிறைவு குறைவாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். பயிற்றுநர் இதையெல்லாம் சொல்லவில்லை. பென்சிலைக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

என் முதல் வரி, 'இதே மேசையில் ஓய்வு பெறக் கூடாது' என்பது. நான்கு முறை அடித்துத் திருத்திய பிறகு, 'மார்ச் 31-க்குள் ஐ.எஸ்.ஓ. 9001 உள்தணிக்கையாளர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறுவேன்' என்று நின்றது. அதற்குக் கீழே, எப்போது, எங்கே என்ற இன்னொரு வரியையும் எழுத வைத்தார்: 'செவ்வாயும் வியாழனும் இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் படிப்பேன்.' உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்துவதும் இதைத்தான். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்பே முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த நேரத்தில் மனத்தோடு வாதாட வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை. அதில் நிறைவேற்ற வேண்டிய விதிகள் 4 முதல் 10 வரையிலான ஏழு பிரிவுகளில் இருக்கின்றன. ஒரு பிரிவுக்கு மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டேன். தீபாவளி வாரமும் இரவு ஷிப்ட் வந்த வாரங்களும் போக, பிப்ரவரி நடுவில் படித்து முடித்தேன். மார்ச்சில் பயிற்சி வகுப்பும் தேர்வும் முடிந்து, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. மேசை இன்னும் மாறவில்லை.

'மகளிடம் எரிந்து விழக் கூடாது' என்ற இரண்டாவது வரி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவளை அழைத்துக்கொண்டு சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போவது என்று மாறியது. பை என் கையில், விலைக் கணக்கு அவள் கையில். இது ஏறக்குறைய தவறாமல் நடக்கிறது. அரை மணி நேர நடைப்பயிற்சி என்ற மூன்றாவது இலக்கு ஐந்தாவது வாரத்தில் படுத்துவிட்டது. 'காலையில்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எதற்குப் பிறகு என்று எழுதவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழில் நடக்கும் என்று விளம்பரம் செய்துவிட்டுக் கையேட்டை ஆங்கிலத்தில் கொடுத்தது சரியன்று; தையல் கடை அம்மையாருக்கு நான்தான் பக்கம் பக்கமாகப் பொருள் சொன்னேன். மூன்று மாதம் தொடர்ந்து அழைத்து முன்னேற்றத்தைக் கேட்பதாக உறுதி கூறியிருந்தார்கள். ஓர் அழைப்பு வந்தது. அதுவும் 18,000 ரூபாய் மேல்நிலைப் பயிற்சியில் சேரச் சொல்லி. வாட்ஸ்அப் குழுவில் இன்றளவும் சூரியோதயப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சாப்பாடு நன்றாக இருந்தது, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை ரசம்.

என்ன செய்ய வேண்டும் என்பது ஓரளவு தெரிந்தும் அதைச் செயலாக்கத் தெரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு இந்தப் பயிலரங்கு பயன்படும். எந்தத் துறைக்குப் போவது என்றே தெரியாமல் நிற்கும் மாணவர்களை அனுப்ப வேண்டாம். அதற்கான வழிகாட்டல் இதில் எங்கும் இல்லை. பணம் கட்டுமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கையேடு எந்த மொழியில் இருக்கிறது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், இரண்டாம் நாளை நடத்துவது யார். எங்கள் கூடத்தில் 42 பேர் இருந்தோம். மேசை மேசையாக வந்தவர் ஒருவரே என்பதால், கடைசி இரண்டு மேசைகளுக்கு அவரால் வரவே முடியவில்லை. ஞாயிறு முற்பகலை மட்டும் தனியாகப் பிரித்து, இருபது பேருக்கு மிகாமல், 1,000 ரூபாய்க்கு நடத்துவார்களானால், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பையன்களை என் செலவிலேயே அனுப்பி வைப்பேன்.