ஆளை எண்ணி முடிப்பதா, கடிகாரத்தைப் பார்த்து முடிப்பதா?

குமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு மூன்று முறையாவது விளையாட்டு நடத்த ஆள் தேடுவார்கள்: பொங்கல், ஓணம், கிறிஸ்துமஸ். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள் இவை. அதனால் பொங்கலுக்குக் கட்டுகிற உறியை ஓணத்துக்கும் கட்டுவோம். மன்றத்துப் பையன்கள் மைதானத்தில் மைக் வைத்து நடத்துவது தனி. நான் பேசுவது வீட்டு முற்றத்திலும் சர்ச் ஹாலிலும் சங்குத்துறைக் கடற்கரையிலும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கூடும்போது நடத்துகிற சின்ன விளையாட்டுகளைப் பற்றி. 20 பேர் வருவதாகச் சொல்வார்கள், 37 பேர் வந்து நிற்பார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் இருக்கும், எழுபது வயதுப் பாட்டியும் இருப்பார். இலை போடுவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

இந்த நெருக்கடியில் எந்த விளையாட்டு கைகொடுக்கும், எது காலை வாரும் என்று பல வருடம் நடத்திப் பார்த்திருக்கிறேன். விளையாட்டுகளை நான் பிரிப்பது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: ஆட்டம் ஆட்கள் தீர்ந்தால் முடிகிறதா, நேரம் தீர்ந்தால் முடிகிறதா?

ஆட்கள் தீர்ந்தால் முடிகிற ஆட்டத்துக்கு மியூசிக்கல் சேரைவிட நல்ல உதாரணம் இல்லை. எல்லாருக்கும் தெரியும், விதி சொல்ல வேண்டாம், பாட்டு போட்டதும் கூட்டம் களைகட்டும். ஆனால் சுற்றுக்கு ஒருவர் வெளியேறினால், 37 பேருக்கு 36 சுற்று. ஒரு சுற்றுக்கு 40 விநாடி வைத்தாலும் 24 நிமிடம். முதலில் வெளியேறியவர் ஏறக்குறைய அவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த முதல் ஆள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைதான். குழித்துறைப் பக்கம் ஒரு ஓணத்துக்கு அப்படி வெளியேறிய ஐந்து வயதுச் சிறுமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது நான். அன்றிலிருந்து அந்த முறையில் நான் நடத்துவதில்லை.

மாற்றி அமைத்தேன். யாரும் வெளியேற வேண்டாம். உட்கார இடம் கிடைக்காதவருக்கு ஒரு புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவருக்குப் பரிசு. முதல் தடவை ஐந்து பேர் மட்டும் நிற்கும்படி நாற்காலி போட்டேன். பத்துச் சுற்று முடிந்தபோது ஒரு தடவைகூட நிற்காதவர்கள் எட்டு ஒன்பது பேர் இருந்தார்கள், பரிசு ஒன்றுதான். அப்புறம்தான் கணக்கு புரிந்தது. மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் நிற்க வேண்டும். 37 பேருக்கு 25 நாற்காலி, எட்டுச் சுற்று, ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் மிஞ்சுவார்கள். நாற்காலி போதாவிட்டால் தரையில் சாக்பீஸால் வட்டம் போடலாம். பாட்டை நிறுத்துகிறவர் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இந்த ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

உறியடியும் ஆளைப் பொறுத்த ஆட்டம்தான். பார்ப்பதற்கு அதைப்போல் வராது, கூட்டம் மொத்தமும் வழி சொல்லிக் கத்தும். ஆனால் நியாயம் என்று பார்த்தால் பலவீனம்: மூன்றாவது ஆள் பானையை உடைத்துவிட்டால் மீதிப் பேர் கம்பையே தொடவில்லை. வரிசையைச் சீட்டுப் போட்டு எடுங்கள், கடைசி நிகழ்ச்சியாக வையுங்கள். வடம் இழுத்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெரிய போட்டிகளில் அணிக்கு 8 பேர், எடை பார்த்துத்தான் பிரிப்பார்கள். நம் முற்றத்தில் எடை பார்க்கிறவர் யார்?

இனி மறுபக்கம், நேரத்தோடு முடிகிற ஆட்டம். என் முதல் தேர்வு சிரட்டைத் தண்ணீர் ரிலே (சிரட்டை என்றால் கொட்டாங்கச்சி). அணிக்கு ஒரு வாளி நிறையத் தண்ணீர், 10 மீட்டர் தள்ளி ஒரு காலி வாளி, கையில் ஒரு சிரட்டை. ஒருவர் கொண்டுபோய் ஊற்றிவிட்டு ஓடிவந்து அடுத்தவரிடம் சிரட்டையைக் கொடுக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் விசில். பிறகு லிட்டர் பாட்டிலால் அளந்தால் போதும், நடுவரின் கருத்துக்கு வேலையே இல்லை.

இதே ரிலேயை 'எல்லாரும் ஒருமுறை ஓடி முடிக்கிற அணி ஜெயிக்கும்' என்று நடத்திப் பாருங்கள். 37 பேரை நான்கு அணியாக்கினால் ஒன்றில் 10, மற்ற மூன்றில் 9. உடனே சண்டை வரும். ஆள் குறைந்த அணியில் யாராவது இரண்டு தடவை ஓட வேண்டும், அந்த அணி கெட்டிக்காரப் பையனைத்தான் அனுப்பும். விசில் முறையில் அந்தப் பேச்சே எழாது. எந்த நேரத்திலும் ஓடுவது ஒருவர்தான் என்பதால் அணியில் 9 பேர் இருந்தாலும் 10 பேர் இருந்தாலும் வேலை ஒன்றே. நடுவில் யாராவது வந்து சேர்ந்தால் வரிசையின் கடைசியில் நிறுத்திவிடலாம். 12 பேருக்கும் நடத்தியிருக்கிறேன், 60 பேருக்கும் நடத்தியிருக்கிறேன், நேரம் கூடவில்லை.

ஒன்று மட்டும் கவனம். சிரட்டையில் கண் உள்ள பாதி ஒழுகும். எல்லா அணிக்கும் கண் இல்லாத பாதியையே கொடுங்கள். அளவு ஒன்றுபோல் கிடைக்காவிட்டால், ஒன்றரை நிமிடத்தில் ஒரு விசில் அடித்து, எதிரெதிர் அணிகள் சிரட்டையை மாற்றிக்கொள்ளட்டும்.

ரிலேக்குப் போட்டியாக இப்போது எல்லா வீட்டு விசேஷத்திலும் நடப்பது பேப்பர் கப் அடுக்குவது. ஒரு நிமிடத்தில் யார் உயரமாக அடுக்குகிறார்கள் என்பது. இதுவும் நேர ஆட்டம்தான், ஹாலுக்குள் அருமையாக இருக்கும். உட்கார்ந்தே ஆடலாம் என்பதால் முட்டுவலி உள்ளவர்களுக்கு ரிலேயைவிட இது மேல். ஆனால் நம் ஊர்க் காற்றை மறந்துவிடக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் அந்தப் பக்கமோ கடற்கரையிலோ கப்பை வைத்தால் காற்று பார்த்து ஜெயிக்க வைக்கிற ஆள்தான் ஜெயிப்பார். பலூனும் அப்படியே. வெளியிடம் என்றால் கப்புக்குப் பதில் சிரட்டையைக் கவிழ்த்து அடுக்கச் சொல்லுங்கள். கனமும் உண்டு, நழுவவும் செய்யும், ஆட்டம் இன்னும் நன்றாக இருக்கும்.

கடற்கரையில் ஓடுகிற ஆட்டத்துக்கு இன்னொரு விஷயம். கரையோடு ஒட்டி நீளவாக்கில் ஓடவிட்டால், தண்ணீருக்குப் பக்கத்து அணிக்கு இறுகிய ஈர மணல், மேட்டுப் பக்க அணிக்குக் கால் புதைகிற காய்ந்த மணல். அது பந்தயமே இல்லை. ஓட்டத்தைக் கரைக்குக் குறுக்கே வையுங்கள். அப்போது எல்லா அணிக்கும் ஒரே மணல். கோடு அலையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். நம் கடல் எந்த நேரம் எப்படி இழுக்கும் என்று சொல்ல முடியாது.

அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பும் தம்போலாவையும் சொல்ல வேண்டும். சீட்டில் 15 எண், மூன்று வரி, மொத்தம் 90 எண். பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே வாய்ப்பு, அந்த வகையில் எல்லாவற்றையும்விட நியாயமானது. 100 பேர் வந்தாலும் சீட்டைக் கூட்டினால் போதும். ஆள் கூடக் கூட ஃபுல் ஹவுஸ் (ஒரு சீட்டின் 15 எண்ணும் அடிபடுவது) இன்னும் சீக்கிரமே வரும். மழை நேரத்துக்கு இதை விட்டால் வேறு இல்லை. ஆனாலும் என் பட்டியலில் இரண்டாவதுதான். ஆளுக்கு ஆள் குனிந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். ஒரே எண்ணில் இருவர் கத்தினால் பரிசைப் பங்கிடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அணி பிரிப்பதிலும் இரண்டு வழி மோதும். பிள்ளைகளுக்குப் பிடித்தது சாட் பூட் த்ரீ: எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையையோ புறங்கையையோ காட்ட, மற்றவர்களிடமிருந்து மாறி வைத்த ஒருவர் தனியாக வருவார். மூன்று பேர் கை வைத்தால் நாலு தடவைக்கு மூன்று தடவை ஒருவர் தனியாக வந்துவிடுவார். பத்துப் பேர் சேர்ந்து வைத்தால் ஒருவர் மட்டும் தனித்து வர சராசரியாக ஐம்பது தடவை கை வைக்க வேண்டும். அதற்குள் பாயசம் ஆறிவிடும். எனவே மூன்று மூன்று பேராக வேண்டுமானால் வைக்கலாம். பெரிய கூட்டத்துக்கு வயது வரிசையில் நிறுத்தி தென்னை, ரப்பர், வாழை, பனை என்று எண்ணச் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு நான்கு பேருக்கும் தென்னையிலிருந்தே தொடங்கினால் அந்த அணிக்கு எப்போதும் ஒரு படி மூத்தவரே போவார். பனைக்கு வந்ததும் திரும்பி பனை, வாழை, ரப்பர், தென்னை என்று எண்ண வேண்டும். சிலர் தலைவர் இருவரை நிறுத்தி ஆள் பொறுக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கடைசியாகப் பொறுக்கப்படுகிற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

இப்போது முக்கால் மணி நேரத்துக்கு என் வரிசை இதுதான்: அணி பிரிக்க 5 நிமிடம், புள்ளி வைத்த மியூசிக்கல் சேர், சிரட்டை ரிலே இரண்டு முறை, கடைசியில் உறியடி. பத்துப் பேருக்குக் குறைவு என்றால் ரிலேயை விட்டுவிட்டு அடுக்குகிற ஆட்டம். சமமாக முடிந்தால் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மறைத்து 'ஒற்றையா இரட்டையா' கேட்பேன், பத்து விநாடியில் தீரும். அதுவும் வேண்டாம் என்று இரு பக்கமும் சொன்னால் பரிசைப் பகிரலாம். அதற்காகவே நாங்கள் கோப்பை வாங்குவதில்லை, ஒரு மட்டி வாழைக் குலை வாங்கி உத்தரத்தில் கட்டிவிடுவோம். சீப்பு சீப்பாக அறுத்துக் கொடுக்க வசதியாக இருக்கும்.