பக்கத்து சீட்டிலிருந்து: லோட் செயலிக்கு என் மதிப்பெண்

எங்கள் லோரியை ஓட்டுவது வீட்டுக்காரர், போனில் செயலியைப் பார்த்து லோட் (ஏற்றிப்போகும் சரக்கு) பிடிப்பது நான். இங்கே மலேசியாவில் ஓட்டிக்கொண்டே போனைத் தொட்டால் 300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவருக்கு விலை பேச வராது. கம்பெனி லோரி ஓட்டிப் பழகியவர். டி.ஓ. தாளை (சரக்கை எங்கே சேர்க்க வேண்டும் என்ற சீட்டு) கையில் கொடுத்தால் தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரை கேள்வி கேட்காமல் போவார், "எவ்வளவு தருவீங்க?" என்று மட்டும் வாய் வராது. அதனால் பழைய ஒரு டன் பெட்டி லோரியை வாங்கிச் சொந்தமாக இறங்கியதிலிருந்து பக்கத்து சீட் எனக்கு.

செயலியின் பெயர் வேண்டாம். பினாங்கில் சாமான் ஏற்றுகிறவர்களிடம் கேட்டால் இரண்டு மூன்று பெயர்தான் வரும், எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. தெரிந்த தவுக்கே (முதலாளி) யாரும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஏற்றும் இடம், இறக்கும் இடம், விலை மூன்றும் திரையில் வரும். யோசிக்கிற நேரத்தில் வேறொருவர் தட்டி எடுத்துவிடுவார். வேலை முடிந்ததும் கமிஷன் போக மீதி கணக்கில் ஏறிவிடும். காசுக்காக யார் பின்னாலும் அலைய வேண்டாம். என் மூன்று நட்சத்திரமும் இந்த ஒன்றுக்காகத்தான்.

ஆனால் திரையில் தெரியும் விலை கையில் நிற்கும் விலை அல்ல. நாங்கள் பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறோம். பாலத்தில் டோல் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பும்போது இல்லை. எனவே காலையில் தீவுக்குள் போகும் முதல் லோட் டோலையும் சேர்த்துத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் தொடுவதில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பக்கம் என்றால் பத்து கவானிலிருந்து போகும் 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலம், ஜார்ஜ் டவுன் என்றால் பழைய பாலம். உள்ளே போய்விட்டால் சாயங்காலம் வரை தீவிலேயே சின்னச் சின்ன லோட்டாக எடுப்போம். மத்தியானம் நல்ல விலைக்குப் பெருநிலத்தில் இருக்கும் பிறை ஊருக்கு ஒன்று வந்தாலும் விட்டுவிடுவேன், வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். போய்விட்டு மறுபடி உள்ளே வர இன்னொரு டோல் யார் கட்டுவது?

இரண்டு நட்சத்திரம் எங்கே போனது என்று கேட்டால், பாயா தெருபோங் பக்கத்து அடுக்குமாடிக்கு வந்து பாருங்கள். ஆர்டரில் "ஒரு குளிர்சாதனப் பெட்டி, சில பெட்டிகள்" என்றிருக்கும். போனால் இரட்டைக் கதவுப் பெட்டி, லிப்ட் பழுது, அந்தச் "சில பெட்டிகள்" ஹால் நிறைய அடுக்கியிருக்கும். தூக்க ஆள் கேட்டிருக்கிறார்களா என்பதை இப்போதெல்லாம் ஏற்பதற்கு முன்னால் போன் போட்டே கேட்டுவிடுகிறேன்.

செயலியில் தூர லோட் குறைவு. அதற்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழு. அங்கே ஏஜெண்ட் அண்ணன் ஒருவர் கூப்பிடுவார்.

"தங்கச்சி, ஈப்போவுக்கு ஒன்னு இருக்கு. நாளைக்குக் காலையில."

"வரும்போது லோட் இருக்காண்ணே?"

"வரும்போது நீங்க பார்த்துக்கங்க."

இந்தப் "பார்த்துக்கங்க"வில்தான் லாபம் போகிறது. காலியாகத் திரும்பும் வண்டியும் டீசல் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய பிறகு, போகும் தூரத்தையும் வரும் தூரத்தையும் கூட்டி வகுத்துப் பார்க்காமல் நான் சரி சொல்வதில்லை. தகுதியுள்ள சரக்கு வண்டிகளுக்கு மானிய விலையில் டீசல் போட ஃப்ளீட் கார்டு உண்டு, அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். சரக்கு வண்டி நடத்தும் லைசென்ஸும் அப்படித்தான்: சி லைசென்ஸ் சொந்தச் சரக்குக்கு, பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற ஏ லைசென்ஸ். குழுவில் யாரும் இதைக் கேட்பதில்லை, ரோட் பிளாக்கில் கேட்பார்கள்.

ராத்திரி வீட்டுக்காரர் அமெரிக்க ஹாட்ஷாட் வீடியோக்களாகப் பார்ப்பார். பிக்கப்புக்குப் பின்னால் நீளமான டிரெய்லரை மாட்டி ஒற்றை ஆளாக லோட் அடிக்கிறவர்கள். அவருக்கு வண்டிமேல் கண், எனக்கு அவர்கள் லோட் தேடும் பலகைமேல். அங்கே டி.ஏ.டி. என்று ஒன்று, 1978ல் போர்ட்லண்டில் ஒரு லோரி நிறுத்துமிடத்தில் தொடங்கியதாம். லோட்டோடு கூட, அதைத் தரும் தரகரின் கடன் மதிப்பெண்ணும் காசு கொடுக்க எத்தனை நாள் எடுப்பார் என்பதும் தெரியும். தரகர் 75,000 டாலருக்குப் பிணைப் பத்திரமும் வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவிலோ "நல்ல பார்ட்டிதான் தங்கச்சி" என்பதே பத்திரம். அப்படி ஒரு நல்ல பார்ட்டியிடம் முப்பது நாள் கடனுக்கு ஓட்டினோம். மூன்றாம் மாதமும் கிளார்க் லீவில் இருந்தார்.

ஆகவே புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச காலம் செயலியிலேயே ஓட்டுங்கள். குழு லோட்டுக்கு டீசலும் டோலும் முன்பணமாக வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். செயலிக்காரர்கள் இதைப் படித்தால், எங்களுக்கு நட்சத்திரம் போட வாடிக்கையாளருக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள், நல்லது. ஒவ்வொரு கிடங்கும் லோரியை எத்தனை மணி நேரம் வாசலில் நிற்கவைக்கும் என்று எங்கள் திரையிலும் ஒரு வரி போடுங்கள். நான்காவது நட்சத்திரத்தை அன்றைக்கே தருகிறேன்.