கழற்றாத வடிகட்டிக்கு 1,140 டாலர்: டீசல் டிரக்கில் டிரெய்லர் இழுத்துச் செல்வோர் கவனத்திற்கு

கடந்த ஜூன் மாதம் டாலஸிலிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குக் குடும்பத்தோடு சென்றபோது, வழியில் ஒரு டீசல் பணிமனை செய்யாத வேலைக்கு என்னிடம் பணம் வாங்கியது. பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. ஆனால் நடந்த முறையைத் தெரிந்துகொண்டால், வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றி என்னைப் போலவே அதிகம் அறியாதவர்கள் இதே வலையில் விழாமல் இருக்கலாம்.

எங்களுடையது 92,000 மைல் ஓடிய ‘முக்கால் டன்’ என்ற பாரவகையைச் சேர்ந்த டீசல் பிக்கப். பின்னால் இணைத்திருந்தது, சாமான்களோடு 7,000 பவுண்டு எடையுள்ள தங்கும் டிரெய்லர். அமரில்லோ, டால்ஹார்ட் வழியாக நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்து, கிளேட்டனைத் தாண்டி மெல்ல ஏறத் தொடங்கியபோது, புகைபோக்கி வடிகட்டி நிறைந்து வருவதாகவும் நிறுத்தாமல் ஓட்டிச் சுத்தப்படுத்துமாறும் திரையில் ஒரு செய்தி வந்தது. இழுவை முறையில் கியரைத் தாழ்த்தி, எஞ்சின் சுழற்சியை உயர்த்தி, சீரான வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினேன். அது சரியான வழிதான். ஆனால் திரையில் காட்டிய அடைப்பின் அளவு குறையவில்லை. அடுத்த ஏற்றத்தில் எஞ்சினின் சக்தியை வண்டியே குறைத்துக்கொண்டது. 35 மைல் வேகத்தில், அபாய விளக்குகளைப் போட்டுக்கொண்டு, அடுத்த ஊருக்கு ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

இந்த வடிகட்டியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல முடியாது. அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு மாசு விதிகளுக்குப் பின் வந்த டீசல் பிக்கப்களில், புகையிலுள்ள கரித்துகள்களைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துத் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்ளும். கரி எரிந்துவிடும், எஞ்சின் ஆயிலிலுள்ள சேர்மங்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்த பிறகுதான் வடிகட்டியைக் கழற்றி, சூளையிலும் காற்றழுத்தத்திலும் சுத்தம் செய்ய வேண்டிய தேவை வரும். பாரம் இழுக்கும் வண்டியில் புகை இயல்பாகவே சூடாக இருப்பதால், கரி எரிவதற்கு அது உதவியே செய்கிறது. ஆகவே கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் வடிகட்டி அடைத்தால் அது புரிந்துகொள்ளக்கூடியது. நெடுஞ்சாலையில் பாரம் இழுக்கும்போது அடைத்தால், எரிவதைவிட வேகமாகக் கரி எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். இதை நான் பிறகுதான் கற்றேன்.

பணிமனை உரிமையாளர் மிகவும் இனிமையாகப் பேசினார். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேன் கருவியை மாட்டி, ஒரு தாளை அச்சிட்டு, "ஓய்வு நேரத்தில் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டீர்களா?" என்று கேட்டார். முந்தைய நாள் மதியம், குழந்தை தூங்கியதால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடவிட்டிருந்தேன். "அதுதான் காரணம்" என்று முடித்துவிட்டார். நின்றபடி ஓடும் எஞ்சின் கரியைச் சேர்க்கும் என்பது உண்மையே; அந்தப் பாதி உண்மைதான் என் வாயை அடைத்தது. குற்றவுணர்வில் இருப்பவன் கேள்வி கேட்பதில்லை.

அவர் மூன்று வழிகளை முன்வைத்தார். புதிய வடிகட்டிக்கு 4,800 டாலர். கழற்றி, வேறு ஊரிலுள்ள சூளைக்கு அனுப்பிச் சுத்தம் செய்து மாட்ட 1,140 டாலரும் இரண்டு நாளும். மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: வடிகட்டியையே எடுத்துவிட்டு, வண்டியின் கணினியை அதற்கேற்ப மாற்றி எழுத 2,600 டாலர். தூய காற்றுச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடை செய்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் உடனே மறுத்தேன். மறுத்ததில் வந்த சிறு பெருமிதமும் சேர்ந்துகொள்ள, நடுவிலிருந்த வழியை நியாயமானதென்று நம்பிவிட்டேன். விலையுயர்ந்த ஒன்றையும் சட்டவிரோதமான ஒன்றையும் இருபுறமும் வைத்தால் நடுவிலுள்ளது நேர்மையாகத் தெரியும் என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்.

இரண்டு இரவு விடுதியில் தங்கினோம். மூன்றாம் நாள் காலை, சுத்தம் செய்ய 780, கூலி 270, கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கட்களுக்கும் கிளாம்புகளுக்கும் 90 என்று எழுதிய ரசீதோடு வண்டி வந்தது. திரையில் வடிகட்டியின் அளவு பூஜ்யத்தைக் காட்டியது. சுமார் 7,800 அடி உயரமுள்ள ரேட்டான் கணவாயை ஏறி இறங்கி, டிரினிடாடைக் கடந்தோம். வால்சென்பர்க்கைத் தாண்டியதும் அதே செய்தி மீண்டும் வந்தது. நூறு மைல் கூட ஆகியிருக்கவில்லை.

பியூப்லோவில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஸ்கேன் கருவியைத் தேடுவதற்கு முன், முந்தைய கடை கொடுத்த தாள் இருக்கிறதா என்று கேட்டார். சட்டைப் பையிலேயே இருந்தது. அதில் இரண்டு பிழைக் குறியீடுகள் இருந்தன. ஒன்று பி2463, வடிகட்டியில் கரி மிகுந்துவிட்டது என்பது. மற்றொன்று பி0299, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் குறைவாக இருக்கிறது என்பது. முதல் குறியீட்டை மட்டும் காட்டி என்னிடம் பேசிய கடைக்காரர், இரண்டாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மெக்கானிக் பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். டர்போவிலிருந்து வரும் அழுத்தக் காற்றை அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயில், கிளாம்புக்கு அருகே விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது; சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. ஏற்றத்தில் பாரம் கூடும்போது கிழிசல் விரிந்து காற்று வெளியேறுகிறது. காற்று போதாமல் எரியும் டீசல் கரியாகிறது. பழைய வண்டியாக இருந்தால் பின்னால் கரும்புகை கக்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். இதிலோ வடிகட்டி அந்தப் புகையையெல்லாம் விழுங்கி, இறுதியில் பழியையும் தானே ஏற்றுக்கொண்டது. குழாயை மாற்ற, கூலியோடு 185 டாலர் ஆனது.

அதன் பிறகு அவர் என்னை வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னார். வடிகட்டியை இருபுறமும் பிடித்திருக்கும் கிளாம்புகளின் போல்ட்களில் பல ஆண்டுத் துரு அப்படியே இருந்தது. எந்த ஸ்பேனரும் அவற்றைத் தொட்ட தடம் இல்லை. ரசீதில் புதியவை என்று எழுதப்பட்டிருந்த கிளாம்புகள் இவைதாம். வண்டியின் கணினியிலோ, நான் விட்டுச்சென்ற நாளிலேயே, நின்ற நிலையில் ஸ்கேன் கருவி கொண்டு கட்டாயமாகக் கரியை எரித்த பதிவு இருந்தது. பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை அது. அதைச் செய்துவிட்டு, சூளைக்குப் போன கதையைச் சொல்லி, வண்டியை இரண்டு நாள் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார்கள். என் மனைவிக்கு இன்றுவரை ஆறாத கோபம் பணத்தின் மீதல்ல, அந்த இரண்டு நாள்களின் மீதுதான்.

இப்போது யாராவது என்னிடம் வடிகட்டி அடைத்துவிட்டது என்று சொன்னால், அடைத்த பொருள் கரியா சாம்பலா என்றும், கரி எனில் அது ஏன் இவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்றும் கேட்பேன். குறியீட்டுத் தாளிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்பேன். கழற்றும் வேலை என்றால், கழற்றிய வடிகட்டியையும் பழைய கேஸ்கட்டையும் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன். அடிப்பாகத்தை முன்கூட்டியே படம் எடுத்து வைப்பேன்.

கடனட்டையில் செலுத்தியிருந்ததால், கணக்கறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் எழுத்துமூலம் முறையிட முடிந்தது. துருப்பிடித்த போல்ட்களின் படங்கள், கணினிப் பதிவு, பியூப்லோ மெக்கானிக் எழுதிக் கொடுத்த அரைப் பக்கக் குறிப்பு ஆகியவற்றை அனுப்பினேன். பழைய கிளாம்புகளையே மீண்டும் பயன்படுத்தியதாகக் கடைக்காரர் பதில் அனுப்பினார். அப்படியானால் புதியவற்றுக்கு ஏன் 90 டாலர் என்ற வங்கியின் கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. செப்டம்பரில் 1,140 டாலரும் திரும்பி வந்தது. விடுதிக்குக் கொடுத்ததும், ரத்தான முகாமிடத்துக்கு முன்பணமாகக் கட்டியதும் போனது போனதுதான்.