லைவ் அட் லீட்ஸ்: பதினொரு வருஷம் கேட்ட பிறகு

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான தி ஹூவின் கச்சேரி ஆல்பம் 'லைவ் அட் லீட்ஸ்' என்னிடம் மூன்று பதிப்பாக இருக்கிறது. 1970-இல் வந்த அதே ஆறு பாட்டோடு மறுபதிப்பான எல்பி இசைத்தட்டு, 14 பாட்டு உள்ள 1995 சிடி, 2001-இல் இரண்டு சிடியாக வந்த டீலக்ஸ். சிடிகள் கைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது, எல்பி நாலு வருஷம். எதை வாங்கலாம் என்று கேட்டவர்களிடமெல்லாம் "1995 போதும்" என்றுதான் சொல்லிவந்தேன். போன வருஷம் அந்தப் பதிலை மாற்றிக்கொண்டேன்.

கச்சேரி நடந்தது 1970 பிப்ரவரி 14, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். அதற்கு முன்பே அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பதிவுசெய்த டேப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. அத்தனையையும் உட்கார்ந்து கேட்க முடியாது என்று குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் அவற்றைக் கொளுத்தச் சொல்லிவிட்டார். அந்த நெருப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பிறகு லீட்ஸில் ஒரு ராத்திரி, மறுநாள் ஹல் நகரில் ஒரு ராத்திரி. ஹல் டேப்பில் முதல் சில பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் பதிவாகவே இல்லை. அதனால் லீட்ஸ் ஆல்பமானது.

எல்பி உறை வெறும் பழுப்பு நிறம், மேலே ரப்பர் ஸ்டாம்ப் அடித்த மாதிரி குழுவின் பெயர். திருட்டுப் பதிப்பு போலத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே செய்தது. தட்டின் லேபிளும் கையெழுத்தில்தான்: கரகரப்புச் சத்தம் இருக்கலாம், திருத்த வேண்டாம் என்று. எனக்கு வந்த முதல் தட்டு வளைந்திருந்தது, ஊசி மேலும் கீழும் ஆடியது. விற்றவர் மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. சேலத்து வெயிலில் எல்பி வைத்திருப்பவர்கள் தட்டைப் படுக்கப் போடாதீர்கள், நேராக நிறுத்தி வையுங்கள்.

முதல் பக்கத்தின் நாலு பாட்டில் மூன்று இவர்களுடையவை அல்ல, மற்றவர்களின் பாட்டுகள். இரண்டாவது பக்கத்தில் இரண்டே பாட்டு. 'மை ஜெனரேஷன்' மட்டும் கிட்டத்தட்ட 15 நிமிஷம். முரட்டுத்தனமான, அருமையான தட்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதை மட்டும் கேட்கிறவருக்கு, அந்த ராத்திரி இவர்கள் நடுவில் 'டாமி' என்ற ராக் ஓபராவையே, அதாவது பாட்டுகளாலேயே சொன்ன ஒரு முழுக்கதையையே, ஏறக்குறைய முழுசாகப் பாடினார்கள் என்பது தெரியவே தெரியாது.

1995 சிடியில் கம்ப்யூட்டர் வைத்துக் கரகரப்பை எடுத்துவிட்டார்கள். உயிரையும் சேர்த்து எடுத்திருப்பார்களோ என்று பயந்தேன். இல்லை. பாட்டுகளுக்கு நடுவே அவர்கள் பேசுவதும் கூட்டம் சிரிப்பதும் இதில் கிடைக்கிறது. மேடையின் அகலம் காதுக்குத் தெரிகிறது: பேஸ் ஒரு பக்கம், கிட்டார் மறு பக்கம், குரலும் டிரம்ஸும் நடுவில்.

ஒருநாள் கிட்டார் பக்கத்து ஸ்பீக்கர் ஒயர் கழன்றுபோயிருந்ததைக் கவனிக்காமல் 'யங் மேன் புளூஸ்' போட்டேன். கிட்டார் இல்லை. ஆனால் பாட்டு சாயவில்லை! பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜான் என்ட்விசில் அடியில் நின்று தாங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு இடைவெளியிலும் புதுசாக ஒன்றை வைத்தபடி. ஒயரை மாட்டாமலே அந்தப் பாட்டை மூன்று தடவை கேட்டேன்.

எங்கள் வீடு கொண்டலாம்பட்டியில். இரண்டு பக்கமும் விசைத்தறி, காலையிலிருந்து ஒரே தாளம். பக்கத்துத் தறிக்கார அண்ணன் ஒரு மின்வெட்டு மத்தியானம் வந்து உட்கார்ந்தார். இன்வெர்ட்டரில் சிடி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இந்த மேளக்காரரு தாளம் புடிக்கலீங்க, பாடறவருக்குப் பதில் சொல்லிட்டே வர்றாரு" என்றார். டிரம்ஸ் வாசிக்கும் கீத் மூனைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சரி, 2001 டீலக்ஸ். அன்று பாடிய 'டாமி' முழுசாக இதில்தான் முதல்முறையாக வந்தது. ஆனால் அதை அப்படியே பிரித்து இரண்டாவது சிடியில் வைத்துவிட்டார்கள். நடந்த வரிசை அதுவல்ல. 'எ குயிக் ஒன்' முடிந்ததும் 'டாமி', அதற்கப்புறம்தான் 'சம்மர்டைம் புளூஸ்'. பல வருஷம் நான் முதல் சிடியை மட்டும் கேட்டுவிட்டு எடுத்துவைத்தேன். இரண்டாவது ஏதோ மிச்சம் மாதிரி தோன்றியதுதான் காரணம்.

போன டிசம்பரில் எல்லாவற்றையும் மேடை வரிசையில் அடுக்கி போனில் ஏற்றிக்கொண்டேன். ஏற்காட்டில் நண்பரின் காப்பித் தோட்டத்து வீட்டில் ராத்திரி போட்டோம். இரண்டு மணி நேரம், நடுவில் நிறுத்தவில்லை. 'மை ஜெனரேஷன்' பாதியில் 'டாமி'யின் அந்த 'சீ மி, ஃபீல் மி' திரும்ப வருகிறதே, எல்பியில் அது எனக்கு எங்கிருந்தோ வந்த துண்டாகத்தான் இருந்தது. அன்றைக்கு, டாமியின் கதை முழுசாக ஓடி முடிந்து அரைமணி நேரத்துக்குள் அதே வரி திரும்பியபோது நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாடகர் ரோஜர் டால்ட்ரியின் குரல் அதற்குள் களைத்திருக்கிறது. அந்தக் களைப்போடுதான் அதைக் கேட்க வேண்டும்.

ஆகவே இப்போது என் சிபாரிசு 2001 பதிப்புதான், வரிசையை மாற்றிக்கொண்டு. ஹல் கச்சேரியும் 2010-இல் வந்தது, விட்டுப்போன பேஸை லீட்ஸ் டேப்பிலிருந்து எடுத்து ஒட்டி. ஒருமுறை கேட்டேன், திரும்ப எடுக்கவில்லை.

அடுக்குவது சுலபம்: முதல் சிடியில் ஒன்பது பாட்டு, அப்புறம் இரண்டாவது சிடி முழுசும், அப்புறம் முதல் சிடியின் மீதி நாலு. போனில் ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். டவுன்ஷெண்டின் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.