ஃபினாலே மேட்ச் பிஸ்டல் பெல்லட்: 4.49ஆ, 4.50ஆ?

சிங்கப்பூரின் யீஷூன் சாஃப்ரா மன்றச் சுடுதளத்தில் இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். மகளும் பள்ளியில் சிசிஏவாக (இணைப்பாட நடவடிக்கையாக) அதையே எடுத்திருக்கிறாள். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் என்றால், 500 குண்டு (பெல்லட்) உள்ள டின் காலியாவது கண்ணுக்கே தெரியாது.

முன்பெல்லாம் கிடைத்ததை வாங்குவேன். அப்படித்தான் ரைஃபிளுக்கான 0.53 கிராம் குண்டைக் கொஞ்ச நாள் சுட்டேன். இப்போது ஹெச் அண்ட் என் நிறுவனத்தின் ஃபினாலே மேட்ச் பிஸ்டல், 0.49 கிராம். ஏர் பிஸ்டலில் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர்தான் போகும். எடை குறைந்த குண்டு குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும்; கை அசைவதற்கு அவ்வளவு நேரம் இருக்காது.

அப்புறம் தலை அளவு, அதாவது குண்டின் முன்பக்க விட்டம். டின் மேல் 4.49 அல்லது 4.50 என்று போட்டிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். எது நல்லது என்று கோச்சிடம் கேட்டேன். "என்னைக் கேக்காதீங்க, உங்க குழலைக் கேளுங்க" என்றார். கேட்டேன். மணல் பை மேல் கையை ஊன்றி, இலக்குக் காகிதத்துக்கு 5 குண்டு, ஒவ்வொரு அளவிலும் 4 காகிதம். தட்டைத் தலை என்பதால் ஓட்டை பஞ்ச் பண்ணியது போல விழும், அளப்பது சுலபம். 4.50 குண்டுகள் 12 மி.மீ. அகலத்தில் பரவின, 4.49 ஒன்பது மி.மீ.க்குள் அடங்கியது. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையமே 11.5 மி.மீ. தானே! மகளின் பிஸ்டலில் இது அப்படியே தலைகீழ். அவளுக்கு 4.50தான். ஆகவே இப்போது இரண்டு டின்.

ஒரு நாள் கை தவறி டின்னைச் சிமெண்டுத் தரையில் போட்டுவிட்டேன். குண்டின் பின்பக்கம் பாவாடை போல விரிந்திருக்கும், மெல்லிய ஈயம். காற்றழுத்தத்தில் அது விரிந்து குழலோடு ஒட்டினால்தான் காற்று கசியாது. நசுங்கியவற்றைச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று ஏழாம் வளையத்துக்குப் போனது. அன்றிலிருந்து குண்டுகளைத் தட்டில் உருட்டி, தள்ளாடுவதை ஒதுக்கிவிடுகிறேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மகளைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போவதில்லை. எல்லாம் ஈயம்.

என் டின்னில் இன்னும் நூறு குண்டு இருக்கும். அடுத்த முறை லாட் எண் (ஒரே தொகுதியில் தயாரானதைக் காட்டும் எண்) பார்த்து, ஒரே எண்ணில் நான்கு டின் எடுக்கப்போகிறேன்.